சூப்பர்யாட்: விலை, கொடி, காணாமல்போகும் முதலாளி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூப்பர்யாட், அதாவது பெரும்பணக்காரர்களின் தனியார் சொகுசுக் கப்பல், என்ற சொல் நம் செய்திகளில் பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான் வரும். ஒரு கோடீஸ்வரர் புதிதாக ஒன்றை வாங்கும்போது, அல்லது ஒரு அரசு அதைப் பறிமுதல் செய்யும்போது. இரண்டுக்கும் நடுவில் அந்தக் கப்பலுக்கு என்ன ஆகிறது, அதற்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பதில்தான் எனக்கு ஆர்வம். கேள்விகளும் அந்தப் பக்கமாகவே கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

எவ்வளவு நீளம் இருந்தால் சூப்பர்யாட்?

உலகம் முழுக்கச் செல்லுபடியாகும் ஒரே வரையறை கிடையாது. நடைமுறையில் 24 மீட்டர். பிரிட்டிஷ் கொடியின் கீழ் கப்பல்களைப் பதிவுசெய்யும் நாடுகளின் பெரிய யாட் விதிகள் அந்த நீளத்திலிருந்து தொடங்குவதால் அந்த எண் நிலைத்துவிட்டது. நம் புதிய எல்எச்பி ரயில் பெட்டி ஒன்றின் நீளம் ஏறக்குறைய அதுதான்.

ஆனால் தொழிலில் இருப்பவர்கள் நீளத்தைவிட 'கிராஸ் டன்னேஜ்' என்ற எண்ணைத்தான் பார்ப்பார்கள். டன் என்று பெயர் இருந்தாலும் அது எடை இல்லை, கப்பலின் மொத்த உள் கொள்ளளவைக் குறிக்கும் அளவு. இது 500ஐத் தொட்டால் பாதுகாப்பு விதிகள் பல மடங்கு இறுகும், செலவும் ஏறும். அதனால் உலகில் 499 கிராஸ் டன்னேஜ் யாட்டுகள் ஏராளம். வருமான வரி வரம்புக்கு ஒரு ரூபாய் கீழே கணக்கு முடிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் போலும்.

இன்னொரு வேடிக்கை: இத்தனை பெரிய கப்பலைச் சொந்தக்காரர்களும் அதில் வேலை செய்பவர்களும் 'படகு' என்றே சொல்வார்கள். 'ஊரில் ஒரு சின்ன வீடு இருக்கு' என்று சொல்லும் பண்ணையார் தோரணைதான்.

உலகிலேயே பெரிய தனியார் யாட் எது?

நீளத்தில் 'அஸ்ஸாம்'. ஜெர்மனியின் லூர்சன் நிறுவனம் 2013இல் முடித்துக் கொடுத்தது. 180 மீட்டர், அதாவது மேலே சொன்ன ரயில் பெட்டிகள் ஏழரை. ஐக்கிய அரபு அமீரகத்தின் மறைந்த அதிபர் ஷேக் கலீஃபாவுக்காகக் கட்டப்பட்டது என்பார்கள். அந்த 'என்பார்கள்' ஏன் என்று பிறகு பார்ப்போம். பெயருக்கும் நம் அசாம் மாநிலத்துக்கும் சம்பந்தம் இல்லை, அது அரபுச் சொல்.

கொள்ளளவில் முன்னால் நிற்பது 'தில்பர்'. இதுவும் லூர்சன்தான், 2016. நீளம் 156 மீட்டர், ஆனால் கிராஸ் டன்னேஜ் 15,917. உள்ளே 25 மீட்டர் நீச்சல்குளம், அதில் 180 கன மீட்டர் தண்ணீர். லிட்டரில் சொன்னால் 1 லட்சத்து 80 ஆயிரம். 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரி 15 தடவை வந்தால் நிரம்பும்.

என்ன விலை? வாங்கிய பிறகு என்ன செலவு?

தில்பரின் மதிப்பு 60 கோடி முதல் 73.5 கோடி டாலர் வரை இருக்கும், ஓட்டும் செலவு ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலர் என்று 2022இல் அமெரிக்க நிதித்துறை சொன்னது. இந்த விகிதம் தற்செயல் இல்லை. கட்டிய விலையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் எடுத்து வை என்பது இந்தத் தொழிலில் வெகுநாளாகப் புழங்கும் கணக்கு.

கப்பல் நகராமல் நின்றாலும் ஏன் இத்தனை செலவு? ஜெனரேட்டர் 24 மணி நேரமும் ஓட வேண்டும். ஏசி நின்றால் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து சில நாட்களில் மரப்பலகை, தோல் இருக்கை, கம்பளம், ஓவியம் எல்லாவற்றிலும் பூஞ்சை பிடிக்கும். தினமும் நன்னீரில் கழுவி உப்பை எடுக்காவிட்டால் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு பெயிண்ட் மங்கும். தீயணைப்பு, பொறி அறை, கயிறு, நங்கூரம் இவற்றுக்கெல்லாம் ஆள் எப்போதும் கப்பலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காப்பீடு செல்லாது. அப்புறம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உலர்துறையில் ஏற்றி அடிப்பாகத்தைச் சோதிக்க வேண்டும். துறைமுக வாடகை தனி.

காரை ஷெட்டில் போட்டுப் பூட்டிவிட்டு ஆறு மாதம் கழித்து வரலாம். யாட்டை அப்படிப் பூட்ட முடியாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கதைகள் எல்லாம் எளிதில் புரியும்.

எங்கே கட்டுகிறார்கள்?

மிகப் பெரியவை ஜெர்மனியிலும் (லூர்சன்), நெதர்லாந்திலும் (ஃபீட்ஷிப், ஓஷன்கோ). எண்ணிக்கையில் இத்தாலிதான் முதலிடம். வியாரெஜோ என்ற கடலோர ஊரைச் சுற்றி இதே வேலையாக ஒரு வட்டாரமே இருக்கிறது. கையெழுத்துப் போட்டதிலிருந்து கையில் வாங்க மூன்று, நான்கு ஆண்டுகள் சாதாரணம்.

அமேசான் ஜெஃப் பெசோஸின் 'கோரு' கட்டப்பட்டபோது நடந்தது இந்த ஊர்களின் மனநிலையைக் காட்டும். 127 மீட்டர், மூன்று பாய்மரங்கள். ஓஷன்கோ பட்டறையிலிருந்து கடலுக்குப் போக ராட்டர்டாம் நகரின் நடுவே இருக்கும் 1927ஆம் ஆண்டு ரயில் பாலத்தைத் தாண்ட வேண்டும். ஊர்க்காரர்கள் அதை 'டி ஹெஃப்' என்று செல்லமாக அழைக்கிறார்கள். பாய்மரம் பாலத்தைவிட உயரம். ஆகவே பாலத்தின் நடுப்பகுதியைத் தற்காலிகமாகக் கழற்றித் தர முடியுமா என்று நகராட்சியிடம் கேட்டார்கள், செலவைத் தாங்களே ஏற்பதாகவும் சொன்னார்கள். சில ஆண்டுகளுக்கு முன்புதான் பாலத்தைப் புதுப்பித்து, இனிக் கழற்ற மாட்டோம் என்று நகராட்சி வாக்குக் கொடுத்திருந்தது. கப்பல் கடக்கும்போது அழுகிய முட்டை எறிவோம் என்று ஆயிரக்கணக்கானவர்கள் இணையத்தில் பெயர் கொடுத்தார்கள். கடைசியில் நிறுவனம் விண்ணப்பத்தைக் கைவிட்டது. 2022 ஆகஸ்டில் பாய்மரம் நடாமலேயே வேறு வழியாக இழுத்துப் போய், அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பாய்மரங்களை நட்டார்கள். முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பாய்மரங்கள் இருப்பதால் கோருவில் ஹெலிகாப்டர் இறங்க வசதி இல்லை. அதற்காகவே 'அபியோனா' என்று 75 மீட்டரில் ஒரு துணைக் கப்பல் பின்னால் வரும்.

இவ்வளவு பெரிய கப்பலில் விருந்தினர் 12 பேர் மட்டும்தானாமே, ஏன்?

கஞ்சத்தனம் இல்லை, சட்டம். கடல் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கைப்படி 12 பயணிகளுக்கு மேல் ஏற்றினால் அது 'பயணிகள் கப்பல்' ஆகிவிடும். உயிர்காப்புப் படகு முதல் தீத்தடுப்புச் சுவர் வரை பெரிய சொகுசுப் பயணக் கப்பல்களுக்குரிய விதிகள் வந்து உட்காரும். உள் அலங்காரத்தில் இஷ்டப்படி மரத்தை இழைப்பதுகூடக் கஷ்டம். அதனால் 12 விருந்தினர், அவர்களுக்கு 20, 30 பணியாளர் என்ற கணக்கு.

சொந்தக்காரர் பெயர் வரும்போதெல்லாம் 'என்று கூறப்படுகிறது' என்று ஏன் எழுதுகிறார்கள்?

ஏனென்றால் ஆவணத்தில் அவர் பெயர் இருக்காது. கேமன் தீவுகள், மார்ஷல் தீவுகள், மால்டா போன்ற ஏதோ ஓரிடத்தில் ஒரு நிறுவனம் பதிவாகும். அந்த நிறுவனத்துக்குச் சொத்து என்று இந்த ஒரு கப்பல் மட்டும்தான். அந்த நிறுவனத்தை இன்னொரு நிறுவனமோ அறக்கட்டளையோ வைத்திருக்கும். கப்பலின் பின்புறம் பெயருக்குக் கீழே 'ஜார்ஜ் டவுன்' என்று எழுதியிருந்தால் கேமன் தீவுகளில் பதிவு என்று பொருள். அந்தத் துறைமுகத்தை அந்தக் கப்பல் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்திருக்கத் தேவையில்லை.

இதில் வரி மட்டும் காரணம் இல்லை. விபத்து நடந்தால் வழக்கு அந்த ஒற்றைக் கப்பல் நிறுவனத்தோடு நிற்கும். கடத்தல் பயம், பத்திரிகைக்காரர் தொல்லை ஆகியவையும் உண்டு. நியாயமான காரணங்கள்தாம். ஆனால் இதே ஏற்பாடுதான் நெருக்கடி வந்தால் முதலாளி கைகழுவிக்கொள்ளவும் வழி செய்கிறது.

தில்பர் நல்ல உதாரணம். அது உஸ்பெகிஸ்தானில் பிறந்த ரஷ்யப் பெரும்பணக்காரர் அலிஷேர் உஸ்மானோவின் கப்பல் என்று உலகமே சொன்னது. உக்ரைன் போர் தொடங்கிய சமயம் அது ஹாம்பர்க்கில் பழுதுபார்ப்பில் நின்றது. ஜெர்மன் காவல்துறை பல நாட்டு ஆவணங்களைத் துழாவி, 2022 ஏப்ரலில், ஆவணப்படி அது அவருடைய சகோதரியுடையது என்று அறிவித்தது. அந்தச் சகோதரி மீதும் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருந்ததால் கப்பல் அங்கேயே முடங்கியது.

முதலாளி சம்பளம் தராவிட்டால் பணியாளர் என்ன செய்ய முடியும்?

இதற்கு நமக்குத் தெரிந்த கதையே இருக்கிறது: விஜய் மல்லையாவின் 'இந்தியன் எம்ப்ரஸ்'. 95 மீட்டர், ஓஷன்கோ 2000இல் கட்டியது. மல்லையா 2016 மார்ச்சில் இந்தியாவை விட்டுப் போனார். கப்பல் மத்தியதரைக் கடலில் இருந்தது. 2017 செப்டம்பரிலிருந்து சம்பளம் வரவில்லை. 40க்கும் மேற்பட்ட பணியாளர், அவர்களில் இந்தியர்களும் உண்டு, மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பாக்கி 10 லட்சம் டாலரைத் தாண்டியது.

நிலத்தில் என்றால் முதலாளியைத் தேடி வழக்குப் போட வேண்டும். கடல் சட்டம் இங்கே கெட்டிக்காரத்தனமானது. வழக்கைக் கப்பலின் மீதே போடலாம்! சம்பளப் பாக்கி அந்தக் கப்பலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கடன். கப்பல் யார் கைக்கு மாறினாலும் கூடவே போகும், அடமானம் வைத்த வங்கிக்கு முன்னால் மாலுமிக்குப் பணம் சேர வேண்டும். முதலாளி லண்டனில் இருந்தால் என்ன, நிலவில் இருந்தால் என்ன, கப்பல் துறைமுகத்தில் இருக்கிறதல்லவா?

2018 மார்ச்சில் மால்டாவில் கப்பல் 'கைது' செய்யப்பட்டது. கைது என்பது சட்டச் சொல்லேதான், கேலி இல்லை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கைவிடப்பட்ட மாலுமிகளுக்குச் சில மாதச் சம்பளத்துக்காவது காப்பீடு இருக்க வேண்டும் என்கிறது. அதிலிருந்து ஒரு பகுதி முதலில் கிடைத்தது. ஜூனில் நடந்த ஏலத்தில் 4.35 கோடி யூரோவுக்குக் கேட்டவர் பணம் கட்டவில்லை. செப்டம்பரில் மறுபடி ஏலம் விட்டு 3.5 கோடி யூரோவுக்கு விற்றார்கள்.

மல்லையாவின் கிங்ஃபிஷர் விமான நிறுவனத்து ஊழியர்களும் சம்பளப் பாக்கிக்காகத் தெருவில் நின்றார்கள். கடன் கொடுத்தவர்களின் வரிசையில் அவர்கள் எங்கே நின்றார்கள், கப்பல் ஊழியர்கள் எங்கே நின்றார்கள் என்று ஒப்பிட்டால், கடல் சட்டம் எவ்வளவு பழமையானதோ அவ்வளவு விவரமானது என்று தெரியும்.

1எம்டிபி ஊழலில் சிக்கிய கப்பல் என்ன ஆனது?

மலேசியத் தமிழர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். 'இக்வானிமிட்டி', 91.5 மீட்டர், 2014இல் ஓஷன்கோ கட்டியது. விலை சுமார் 25 கோடி டாலர். மலேசிய அரசின் 1எம்டிபி முதலீட்டு நிதியிலிருந்து சுரண்டிய பணத்தில் மலேசிய நிதித் தரகர் ஜோ லோ வாங்கியது என்பது அமெரிக்க நீதித்துறையின் குற்றச்சாட்டு. 2018 பிப்ரவரியில் பாலித் தீவருகே இந்தோனேசியா அதைப் பிடித்தது. மே மாதத் தேர்தலில் ஆட்சி மாறியதும் ஆகஸ்டில் கப்பல் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது.

வந்ததும் மலேசிய அரசு ஒன்றைப் புரிந்துகொண்டது: மக்கள் பணத்தில் வாங்கிய கப்பலைப் பேணவும் மக்கள் பணம்தான் போகிறது. எரிபொருள், பணியாளர், காப்பீடு, எல்லாம். அவசரமாக விற்க வேண்டும், ஆனால் அவசரத்தில் இருப்பவனிடம் யார் நல்ல விலைக்கு வாங்குவார்கள்? ஏலம் சரிவரவில்லை. கடைசியில் 2019இல் கெந்திங் குழுமம் 12.6 கோடி டாலருக்கு வாங்கியது. கிட்டத்தட்டப் பாதி விலை. புதிய பெயர் 'டிராங்குவிலிட்டி'. பழைய பெயருக்கு மனச்சமநிலை என்று பொருள், புதியதற்கு அமைதி. பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை!

ரஷ்யர்களிடம் பறிமுதல் செய்த யாட்டுகளை விற்று உக்ரைனுக்குக் கொடுத்துவிட்டார்களா?

நினைத்த அளவுக்கு இல்லை. முதலில் இரண்டு சொற்களைப் பிரிக்க வேண்டும். முடக்குவது வேறு, பறிமுதல் வேறு. ஐரோப்பாவில் நடந்தது பெரும்பாலும் முடக்கம். சொத்து இன்னும் அவருடையதே, பயன்படுத்த மட்டும் முடியாது. ஆண்ட்ரே மெல்னிசென்கோவின் 143 மீட்டர் 'செய்லிங் யாட் ஏ' 2022 மார்ச்சிலிருந்து இத்தாலியின் ட்ரியஸ்டேயில் நின்றது. முடக்கிய சொத்தைக் கெடாமல் பார்த்துக்கொள்வது அரசின் பொறுப்பு என்பது இத்தாலியச் சட்டம். ஆக, தடை விதிக்கப்பட்டவரின் கப்பலுக்கு இத்தாலிய அரசு பராமரிப்பு பார்த்தது.

அமெரிக்கா ஒருபடி மேலே போனது. 106 மீட்டர் 'அமடேயா' 2022இல் பிஜித் தீவில் பிடிபட்டது. சுலைமான் கெரிமோவுடையது என்பது அமெரிக்காவின் வாதம். இல்லை, என்னுடையது என்று எட்வர்ட் குதைநாதோவ் என்ற இன்னொரு ரஷ்யர் வழக்காடினார். கப்பலை அமெரிக்காவின் சான் டியாகோவுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வழக்கு முடிகிற வழியாகத் தெரியவில்லை, மாதச் செலவு 7 லட்சம் டாலருக்கு மேல், எங்களை விற்க விடுங்கள் என்று 2024இல் அரசே நீதிமன்றத்தில் கெஞ்ச வேண்டியதாயிற்று. 2025இல்தான் ஏலத்துக்கு வந்தது.

எல்லாவற்றையும்விடப் பாவம் ஆன்டிகுவா. மொத்த மக்கள்தொகை ஒரு லட்சத்தைக்கூட எட்டாத கரீபியன் நாடு. அதன் ஃபால்மத் துறைமுகத்தில் 82 மீட்டர் 'ஆல்ஃபா நீரோ' 2022இலிருந்து கேட்பாரற்று நின்றது. ரஷ்ய உர வியாபாரி ஆண்ட்ரே குரியேவின் கப்பல் என்று அமெரிக்கா தடை விதித்தது, அவர் என்னுடையது இல்லை என்றார். கிளப்பவும் முடியாது, விடவும் முடியாது. புயல் காலத்தில் கயிறு அறுந்தால் துறைமுகத்துக்கே ஆபத்து. எரிபொருள் செலவை அந்தச் சின்ன நாடு சுமந்தது. சட்டம் திருத்திக் கப்பலைக் கையகப்படுத்தி 2023இல் ஏலம் விட்டபோது, கூகுளின் முன்னாள் தலைவர் எரிக் ஷ்மிட் 6.76 கோடி டாலருக்குக் கேட்டார். வழக்குகள் நீள்வதைப் பார்த்து விலகிவிட்டார். 2024இல் 4 கோடிக்கு வேறொருவருக்கு விற்றது.

இது புதிய காலத்துத் தொல்லையா?

இல்லை, பழைய கதைதான். கிரேக்கக் கப்பல் அதிபர் அரிஸ்டாட்டில் ஒனாசிஸ், இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஒரு கனடியப் போர்க்கப்பலைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, 1954இல் யாட்டாக மாற்றினார். மகள் பெயரையே வைத்தார், 'கிறிஸ்டினா'. சர்ச்சில் விருந்தாளியாக வருவார். நீச்சல்குளத்தின் மொசைக் தரை மேலே எழும்பி நடன மேடையாகும் (ஆல்ஃபா நீரோவிலும் அதே வித்தை, 50 ஆண்டு கழித்து). மது அறை நாற்காலிகளுக்குத் திமிங்கலத்தின் ஆணுறுப்புத் தோலால் உறை போட்டிருந்தார். பணம் இருந்தால் ரசனையும் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லையே. அவர் 1975இல் இறந்ததும் மகள் கப்பலைக் கிரேக்க அரசுக்கே கொடுத்தார். அரசால் பேண முடியவில்லை. பல ஆண்டுகள் துருப்பிடித்து நின்று, 90களின் கடைசியில் ஒரு கப்பல் முதலாளி வாங்கிச் சீரமைத்தார். இப்போது 'கிறிஸ்டினா ஓ' என்று வாடகைக்கு ஓடுகிறது.

'நபிலா'வின் கதை இன்னும் ருசியானது. சவூதி ஆயுதத் தரகர் அட்னான் கஷோகி 1980இல் கட்டிய 86 மீட்டர் கப்பல், இதுவும் மகள் பெயர். அவருக்குப் பண நெருக்கடி வந்தபோது புருனே சுல்தான் கைக்குப் போனது. அவரிடமிருந்து டொனால்ட் டிரம்ப் 2.9 கோடி டாலருக்கு வாங்கி 'டிரம்ப் பிரின்சஸ்' என்று பெயர் மாற்றினார். அவருடைய சூதாட்ட விடுதிகள் கடனில் தத்தளித்தபோது, 1991இல் சவூதி இளவரசர் அல்வலீத் வாங்கினார். ஒவ்வொரு பெயர் மாற்றத்துக்கும் பின்னால் ஒரு கடன்காரர் நிற்கிறார்.

நம் ஊர் இளைஞர்கள் இதில் வேலைக்குச் சேர முடியுமா?

முடியும், ஆனால் வணிகக் கப்பல் அளவுக்கு வழி நேராக இல்லை. எஸ்டிசிடபிள்யூ எனும் மாலுமிகளுக்கான சர்வதேசத் தரத்தின்படி அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி, மருத்துவச் சான்று, சிடிசி எனும் மாலுமிப் புத்தகம் ஆகியவை வேண்டும். பயிற்சி சென்னையிலேயே கிடைக்கும். ஆளெடுப்பு நடப்பதோ பிரான்சின் ஆன்டீப், ஸ்பெயினின் பால்மா, அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் ஆகிய ஊர்களில். ஐரோப்பிய இளைஞர்கள் துறைமுகத்தில் படகு படகாக ஏறிப்போய் 'வேலை இருக்கா' என்று கேட்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் விசா எடுத்து அப்படிச் சுற்றுவது சிரமம். பொறி அறை, சமையலறை, மின்பணி ஆகியவற்றில் அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் ஓரளவு வாய்ப்பு. தொடக்கநிலைச் சம்பளம் மாதம் 2,500 யூரோவை ஒட்டி இருக்கும், சாப்பாடும் படுக்கையும் கப்பலில். விருந்தினர் இருக்கும் வாரங்களில் ஒரு நாளுக்கு 16 மணி நேரம்கூட ஓடும். படுக்கை என்பது அடித்தளத்தில் இருவர் பகிரும் அலமாரி அளவு அறை.

முக்கியமான ஒன்று. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி மாலுமியிடம் கட்டணம் வாங்குவதை நான் மேலே சொன்ன கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை தடைசெய்கிறது. இந்தியாவும் அதில் கையெழுத்திட்ட நாடு. ஆளெடுக்கும் நிறுவனத்துக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்பிஎஸ்எல் உரிமம் வேண்டும். 'இரண்டு லட்சம் கட்டுங்க, மொனாக்கோவில் யாட் வேலை' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வாடகைக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம். 50 மீட்டர் அளவுள்ள ஒன்று மத்தியதரைக் கடலில் கோடைக்கு வாரம் 2 லட்சம் யூரோவுக்கு மேல். அது கப்பலுக்கும் பணியாளருக்கும் மட்டும். எரிபொருள், சாப்பாடு, மது, துறைமுகக் கட்டணத்துக்கு வாடகையில் 30 சதவீதம் போல முன்பணம் கட்ட வேண்டும், மிச்சம் இருந்தால் திரும்ப வரும். அதற்கு மேல் வரி, அதற்கும் மேல் பணியாளருக்கு டிப்ஸ், அதுவும் வாடகையில் 10 சதவீதம் வரை. யாட் முதலாளிகள் பலர் செலவில் கொஞ்சமாவது திரும்ப எடுக்க இப்படி வாடகைக்கு விடுகிறார்கள். லாபம் பார்ப்பவர் அரிது.

இவ்வளவு பணம் கொட்டிய கப்பல் மூழ்குமா?

2024 ஆகஸ்ட் 19 அதிகாலை சிசிலித் தீவின் போர்ட்டிசெல்லோ அருகே நங்கூரமிட்டிருந்த 56 மீட்டர் 'பேயீசியன்' மூழ்கியது. 22 பேரில் 7 பேர் இறந்தார்கள். பிரிட்டிஷ் மென்பொருள் தொழிலதிபர் மைக் லிஞ்ச், அவருடைய 18 வயது மகள், வழக்கறிஞர், கப்பலின் சமையல்காரர் ஆகியோர் அதில் அடக்கம். அமெரிக்காவில் ஒரு பெரிய மோசடி வழக்கிலிருந்து லிஞ்ச் விடுதலையானது அந்த ஜூனில்தான். அதைக் கொண்டாடத்தான் பயணமே.

கப்பலின் ஒற்றைப் பாய்மரம் 72 மீட்டர் உயரம், அலுமினியம். ஏறத்தாழ நம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம். அத்தனை பெரிய கம்பம் காற்றை வாங்கும், பாய் விரிக்காவிட்டாலும். கப்பல் சாயாமல் இருக்க உதவும், அடியில் இறக்கிவிடக்கூடிய நடுப்பலகை அன்று மேலே தூக்கியிருந்தது. பாய் விரிக்காத நேரத்தில் அது வழக்கம்தான். பிரிட்டிஷ் விசாரணை அமைப்பின் 2025 இடைக்கால அறிக்கை சொல்வது: அந்த நிலையில் பக்கவாட்டில் 63.4 நாட் (மணிக்குச் சுமார் 117 கி.மீ.) வேகத்துக்கு மேல் காற்று அடித்தால் கப்பல் கவிழக்கூடும். இந்த வரம்பு கப்பலின் கையேட்டில் இல்லை, அதனால் முதலாளிக்கும் தெரியாது, பணியாளருக்கும் தெரியாது. அன்று அடித்த காற்று அதைத் தாண்டியது. 15 விநாடிக்குள் கப்பல் முழுதாகப் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. 2025 ஜூனில் வெளியே தூக்கினார்கள். அந்தப் பணியிலும் ஒரு முக்குளிப்பவர் உயிரிழந்தார்.

சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு கேடு?

ஹெலிகாப்டர், நீர்மூழ்கி, நிரந்தரப் பணியாளர் எல்லாம் உள்ள ஒரு பெரிய யாட் ஆண்டுக்குச் சுமார் 7,020 டன் கார்பன் டைஆக்சைடு வெளியிடும் என்று இண்டியானா பல்கலைக்கழக மானுடவியலாளர்கள் ரிச்சர்ட் வில்க், பியாட்ரிஸ் பாரோஸ் கணக்கிட்டார்கள். சராசரி இந்தியர் ஆண்டுக்கு 2 டன். ஒரு யாட், ஒரு பெரிய கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று, தளத்தில் பதிக்கும் தேக்கு. இயற்கை எண்ணெய் உள்ளதால் கடல்நீரில் அழுகாது, ஈரத்திலும் கால் வழுக்காது. அதிலும் பர்மா காட்டுத் தேக்குக்குத்தான் மவுசு. காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீட்டுத் தூண்களைத் தடவிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டாம். ஆனால் மியான்மரில் 2021 ராணுவ ஆட்சிக்குப் பிறகு அந்த மரம் மேற்கு நாடுகளில் தடைக்கு உள்ளான பொருள். 2024இல் பிரிட்டனின் சன்சீக்கர் என்ற யாட் கட்டும் நிறுவனம் மரத்தின் மூலத்தைச் சரிபார்க்காமல் இறக்குமதி செய்ததற்காக அபராதம் கட்டியது. செயற்கைத் தளங்கள் வந்துவிட்டன. முதலாளிகளுக்குப் பிடிக்கவில்லை, கால் சுடுகிறதாம்.

சென்னைக்கு ஏன் இவை வருவதில்லை?

நிறுத்த இடம் இல்லை. 'மெரினா' என்று கடற்கரைக்குப் பெயர் வைத்த நகரத்தில் படகுகளை நிறுத்தி வைக்க ஒரு மெரினா (படகுத்துறை) கிடையாது! 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் துறைமுகத்துக்குள் இருக்கிறது. அங்கே ஓடுவது சின்னப் பாய்மரப் படகுகள். கொச்சியில் போல்கட்டித் தீவில் ஒரு சிறிய மெரினா உண்டு. இந்தியப் பெருங்கடலைக் கடக்கும் படகுகள் அங்கே எப்போதாவது தலைகாட்டும். மற்றபடி தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று, நம் சுங்கத்துறையின் படிவங்கள் மூன்றையும் தாண்டி வர யாருக்கும் பெரிய ஆசை இல்லை. மாலத்தீவோடு நின்றுவிடுகிறார்கள்.

ஒரு யாட் இப்போது எங்கே இருக்கிறது என்று நாமே பார்க்க முடியுமா?

முடியும். 300 கிராஸ் டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல்கள் சர்வதேசப் பயணத்தில் ஏஐஎஸ் என்ற கருவி மூலம் தங்கள் இடத்தை ஒலிபரப்ப வேண்டும். மரைன் டிராஃபிக் போன்ற தளங்களில் பெயரைத் தட்டினால் வரைபடத்தில் காட்டும். கடற்கொள்ளையர் பயம் உள்ள இடத்தில் கேப்டன் அதை அணைத்து வைக்கலாம். மற்றவர்களும் அணைப்பதுண்டு. அமடேயா உக்ரைன் போர் தொடங்கியதுமே அணைத்துவிட்டது என்று அமெரிக்க நீதிமன்ற ஆவணம் சொல்கிறது. ஆனாலும் எண்ணெய் நிரப்ப ஏதாவது ஒரு துறைமுகத்துக்கு வந்துதானே ஆக வேண்டும்? பிஜிக்கு வந்தது.